வினைச்சொல்லில் தொடங்க வேண்டிய பாடம்

இந்தியாவில் பள்ளிக்குச் செல்லும் குழந்தைகள் ஏறக்குறைய அனைவரும், எந்த மொழியில் பயின்றாலும், ஓர் அறிவியல் பாடத்தைக் கடந்தே வருகின்றனர். அன்றாடப் பொருள்களும் அவற்றின் பண்புகளும் என்பது அதன் பேசுபொருள். என்சிஇஆர்டியின் ஆறாம் வகுப்பு நூலில் ‘பொருள்களைக் குழுக்களாகப் பிரித்தல்’ என்ற கருத்துடைய தலைப்பில் நெடுங்காலம் இருந்த அந்தப் பாடம், 2024இல் வெளிவந்த ‘கியூரியாசிட்டி’ நூலில் ‘நம்மைச் சுற்றியுள்ள பொருள்கள்’ என்று பெயர் மாறித் தொடர்கிறது. வகுப்பறையில் அது பெரும்பாலும் ஓர் அட்டவணையாகச் சுருங்கிவிடுகிறது. ஒருபுறம் மரக்கட்டை, இரும்பாணி, கண்ணாடி, பஞ்சு, சுண்ணக்கட்டி, மெழுகுவத்தி. மறுபுறம் பளபளப்பானதா, கடினமானதா, நீரில் கரையுமா, மிதக்குமா, ஒளியை ஊடுருவ விடுமா என்ற கட்டங்கள். மாணவர் ‘ஆம்’, ‘இல்லை’ என்று நிரப்புகிறார். பாடம் முடிகிறது.

ஆய்வுக்கூடம் தேவையில்லை, கணக்கு இல்லை, ஆபத்தும் இல்லை என்பதால் அறிவியல் நூலின் மிக எளிய பாடம் என இதனைக் கருதுவோர் உண்டு. உண்மையில் இதன் கனம் வேறு. தன் கைக்குத் தெரிந்த உலகுக்கும் நூல் பேசும் மொழிக்கும் என்ன உறவு என்பதை ஒரு குழந்தை முதன்முதலாக முடிவு செய்துகொள்ளும் இடம் இதுவே. ‘எனக்குத் தெரிந்தது இங்கே செல்லும்’ என்றோ, ‘இங்கே செல்லுபடியாவது வேறு யாருடைய சொல்லோ’ என்றோ அது முடிவு செய்கிறது. இன்று இந்தப் பாடம் கற்பிக்கப்படும் முறை பெரும்பாலான குழந்தைகளை இரண்டாவது முடிவை நோக்கியே தள்ளுகிறது. அதற்குக் காரணம் குழந்தையின் அறியாமை அன்று. பண்பு என்பதைப் பெயரடைச் சொல்லாக எண்ணும் நமது பழக்கமே காரணம். ஒரு பொருளின் பண்பு என்பது, அதன்மீது நிகழ்த்தப்பட்ட ஒரு செயலுக்கு அது தந்த விடை. செயலை நீக்கிவிட்டு விடையை மட்டும் மனனம் செய்யச் சொல்லும்போது அறிவியல் பாடம் சொற்பட்டியலாகிவிடுகிறது.

‘கடினம்’ என்ற கட்டத்தையே எடுத்துக்கொள்ளலாம். கல் கடினமானது என்று எழுதினால் மதிப்பெண் கிடைக்கும். எந்தக் கல் என்று யாரும் கேட்பதில்லை. மாக்கல்லில் டால்க் என்னும் கனிமம் மிகுதி. பிரெடரிக் மோஸ் 1812இல் வகுத்த கடினத்தன்மை அளவுகோலில் அதற்குரிய இடம் ஒன்று; வைரத்தின் இடம் பத்து. விரல் நகம் ஏறத்தாழ இரண்டரை. ஆகவே டால்க்கை நகத்தால் கீறலாம். கர்நாடகத்தின் பேலூரிலும் ஹளேபீட்டிலும் ஹொய்சாளச் சிற்பிகள் கழுத்தணியின் மணிகளைத் தனித்தனியே செதுக்கிக் காட்ட முடிந்ததற்கு, அவர்கள் கையாண்ட மாக்கல் வகைக் கல்லின் மென்மையும் ஒரு காரணம். கருங்கல்லில் அந்த நுணுக்கம் அரிது. அதிலுள்ள குவார்ட்சின் இடம் ஏழு. இரண்டும் கற்களே. ‘கல் கடினமானது’ என்ற விடை இரண்டையும் ஒரே கட்டத்துக்குள் அடைத்துவிடுகிறது.

மோஸ் வகுத்த முறை மிக எளிமையானது. எது எதைக் கீறும் என்று பார்ப்பதே முழு முறையும். அதில் ‘கடினம்’ என்ற தனித்த நிலை இல்லை. ‘இதைவிடக் கடினம்’ என்ற உறவு மட்டுமே உண்டு. நகம், இரும்பாணி, மெழுகு, சுண்ணக்கட்டி, அலுமினியத் துண்டு, ஒரு சலவைக்கல் சில்லு ஆகியவற்றைப் பத்து வயதுக் குழந்தையிடம் கொடுத்து, ஒன்றால் மற்றொன்றைக் கீறி வரிசைப்படுத்தச் சொன்னால், அரை மணி நேரத்தில் தனக்கான அளவுகோலை அது ஆக்கிவிடும். வரிசையில் இரண்டு பொருள்கள் இடம் மாறி நின்றால் குழந்தைகளுக்குள் வழக்கு எழும். வழக்கைத் தீர்க்க மீண்டும் கீறிப் பார்ப்பார்கள். அறிவியலின் அடிப்படை ஒழுக்கம் அந்த வழக்கில்தான் இருக்கிறது. ‘ஆம்/இல்லை’ கட்டத்தில் வழக்குக்கு இடமே இல்லை.

அன்றாடப் பேச்சில் ‘கடினம்’ என்ற ஒரே சொல், கீறலைத் தாங்குவது, வளைவதைத் தாங்குவது, அடியைத் தாங்குவது என்ற மூன்று வேறுபட்ட பண்புகளைச் சுமக்கிறது என்பதும் கவனத்துக்குரியது. சாதாரண இரும்பாணியால் கீற முடியாத கண்ணாடி, அதே ஆணியைத் தலையில் தட்டும் சுத்தியலின் ஓர் அடியில் சிதறிவிடும். கீறலில் எல்லாவற்றையும் வெல்லும் வைரமும் பலமான அடியில் உடையக்கூடியதே. செயல் மாறினால் பண்பும் மாறுகிறது. இந்த வேறுபாட்டைச் சொற்களின் வரையறையால் விளக்க முற்பட்டால் குழந்தை குழம்பும். கீறு, வளை, தட்டு என்ற மூன்று வினைச்சொற்களால் விளக்கினால் குழம்பாது.

ஒளி ஊடுருவுதலும் அவ்வாறே. பாடநூல் மூன்று பெட்டிகளைத் தருகிறது: ஒளி ஊடுருவும் பொருள், பகுதி ஊடுருவும் பொருள், ஊடுருவாப் பொருள். காகிதம் மூன்றாவது பெட்டியைச் சேர்ந்தது என்று எழுதிய குழந்தை, மாலையில் சமோசாவையோ வடையையோ மடித்துத் தந்த தாளை விளக்கின்முன் பிடித்தால், எண்ணெய் பட்ட இடத்தில் மட்டும் ஒளி கசிவதைக் காணும். காகிதத்தின் இழைகளுக்கிடையே காற்று நிறைந்திருக்கும்போது, ஒவ்வோர் இழையின் விளிம்பிலும் ஒளி திசை திரும்பிச் சிதறுகிறது. அந்தக் காற்றின் இடத்தை எண்ணெய் பிடித்துக்கொண்டால், இழைக்கும் எண்ணெய்க்கும் ஒளிவிலகலில் பெரிய வேறுபாடு இல்லாததால் சிதறல் குறைகிறது. கற்கண்டில் நிகழ்வது இதற்கு நேர்மாறானது. கட்டியாக இருக்கையில் அதன் வழியே விரலைப் பார்க்கலாம். பொடித்தால் வெண்மையாகி ஒளியை மறைத்துவிடும். குளிர்காலத்து வட இந்தியச் சமையலறையில் நெய் உறைந்து மங்கலாக இருக்கும். சுடவைத்தால் தெளிந்து பாத்திரத்தின் அடி தெரியும். காகிதமும் சர்க்கரையும் நெய்யும் மாறவில்லை. மாறியது அவற்றுக்கு நேர்ந்தது. மூன்று பெட்டிகளுக்குள் எழுதப்பட்ட விடை இந்த மூன்று காட்சிகளையும் பிழை என்று தள்ளிவிடும். அல்லது பாடத்துக்குப் புறம்பானவை என்று மறக்கச் செய்யும்.

மிதப்பதும் மூழ்குவதும் இன்னும் நுட்பமான சிக்கல். அலுமினியத் தாளைத் தொன்னையாக மடித்து நீரில் விட்டால் மிதக்கிறது. அதே தாளை இறுக மடித்துத் தட்டித் தட்டிக் கட்டியாக்கினால் மூழ்குகிறது. ஆகவே ‘அலுமினியம் மிதக்குமா?’ என்பது குறையுள்ள கேள்வி. பண்டம் வேறு, பண்டம் எதனால் ஆனதோ அது வேறு என்ற வேறுபாடு இங்கே தேவைப்படுகிறது. தமிழில் இரண்டையும் ‘பொருள்’ என்றே சொல்கிறோம். நாற்காலியும் பொருள், அதன் மரமும் பொருள், சொல்லின் அர்த்தமும் பொருள், செல்வமும் பொருள். இந்திப் பாடநூல் ‘வஸ்து’, ‘பதார்த்த்’ என இரண்டு சொற்களை வைத்து வேறுபடுத்துகிறது; ஆனால் வீட்டில் குழந்தை இரண்டுக்கும் ‘சீஸ்’ என்ற ஒரே சொல்லைத்தான் கேட்டிருக்கும். சொல் இரண்டாக இருப்பதாலேயே கருத்து இரண்டாகிவிடாது. தொன்னையும் கட்டியும் அருகருகே நீரில் கிடக்கும்போதுதான் அந்த வேறுபாடு குழந்தைக்குத் தேவையானதாக மாறுகிறது. தேவை எழுந்தபின் தரப்படும் சொல் நிற்கும்; முன்னரே தரப்படும் சொல் தேர்வுவரை மட்டுமே நிற்கும்.

‘பதார்த்த’ என்ற அந்தச் சொல்லுக்குப் பின்னால் ஒரு நீண்ட மரபு உண்டு. பதம், அர்த்தம் என்ற இரண்டின் சேர்க்கை அது. சொல்லால் சுட்டப்படுவது என்று பொருள். நியாய, வைசேஷிக மரபுகளின் மையக் கலைச்சொல். பதினேழாம் நூற்றாண்டில் அன்னம்பட்டர் இயற்றிய ‘தர்க்க சங்கிரகம்’ அம்மரபின் தொடக்கநிலை நூல். இளம் மாணாக்கர் எளிதில் அறியும்பொருட்டே இயற்றப்பட்டது. அதில் பண்புகள் வரையறுக்கப்படும் விதம் வியப்பூட்டுவது. எடை என்பது முதல் வீழ்ச்சிக்குக் காரணமான பண்பு. நீர்மை என்பது முதல் ஓட்டத்துக்குக் காரணமான பண்பு. ‘ஸ்நேஹ’ என்னும் பிசைவுத்தன்மை, மாவு போன்ற பொடிகள் உருண்டையாகத் திரள்வதற்குக் காரணமான பண்பு. நீர்மை இருவகைப்படும், நீருக்கு அது இயல்பு, நெய் போன்றவற்றுக்குத் தீயின் சேர்க்கையால் வருவது.

இந்நூலை இன்றைய இயற்பியலின் முன்னோடி என்று காட்டும் முயற்சி வீண். தங்கத்தைத் தீயின் வகையாகக் கொள்ளும் நூல் அது. அதன் இயற்பியலை எந்த வகுப்பறைக்கும் கொண்டுவரத் தேவையில்லை. கொண்டுவரத் தக்கது அதன் வரையறை முறை. ஒவ்வொரு பண்பும் ஒரு நிகழ்வின் வழியாக, ஒரு வினையின் வழியாகச் சொல்லப்படுகிறது: விழுந்தது, ஓடியது, திரண்டது. சப்பாத்திக்கு மாவு பிசைவதைப் பார்த்த எந்தக் குழந்தைக்கும் ‘ஸ்நேஹ’ புரியும். அம்மரபின் சொற்களைக் கலைச்சொற்களாக அள்ளி எடுத்துக்கொண்ட நவீனப் பாடநூல்கள், அந்தச் சொற்களைத் தாங்கி நின்ற வினைகளை விட்டுவிட்டன.

அள்ளி எடுத்தது தற்செயலாக நிகழ்ந்ததன்று. இந்தி தன் சொல்வளத்தை முதன்மையாகச் சமஸ்கிருதத்திலிருந்து பெற வேண்டும் என்பது அரசமைப்புச் சட்டத்தின் 351ஆம் பிரிவு காட்டும் திசை. 1961இல் நிறுவப்பட்ட அறிவியல், தொழில்நுட்பக் கலைச்சொல் ஆணையம் அத்திசையிலேயே பெரும்பணி ஆற்றியது. எல்லா இந்திய மொழிகளிலும் ஒரே சொல் வழங்கினால் மாணவரும் ஆசிரியரும் மாநிலம் கடந்தும் பயன் பெறுவர் என்ற நோக்கில் நியாயம் இருக்கிறது. உயர்கல்வியில் அந்நியாயம் வலுவானது. பத்து வயதுக் குழந்தை தன் தட்டையும் தம்ளரையும் பற்றிப் பேசும் பாடத்தில் அது வலுவிழக்கிறது. வீட்டில் ‘கடா’, ‘நரம்’ என்று பேசும் குழந்தை நூலில் ‘கடோர்’, ‘கோமல்’ என்று படிக்கிறது. சர்க்கரை நீரில் ‘குல்’ ஆகிறது என்பது அதற்குத் தெரியும். நூல் அதனை ‘விலேய’ என்கிறது. உடையும் தன்மைக்கு ‘பங்குர்’. அடித்தால் தகடாகும் தன்மைக்கு ‘ஆகாத்வர்தனீயதா’.

இது தவிர்க்க முடியாதது என்றும் சொல்ல முடியாது. மராத்தி, உடையும் தன்மைக்கு வீட்டில் வழங்கும் ‘டிசூள்’ என்ற சொல்லையே அறிவியல் நூலிலும் வைத்திருக்கிறது. தமிழ் நூல்கள் ‘தகடாகும் தன்மை’ என்றும் ‘கம்பியாக நீளும் தன்மை’ என்றும் சொல்கின்றன. சொல்லைக் கேட்ட உடனே செயல் கண்முன் நிற்கிறது. ஒரு கலைச்சொல் தன் சோதனையைத் தானே நினைவூட்டுமானால், அது துல்லியத்தில் எந்தக் கடன்சொல்லுக்கும் குறைந்ததாகாது.

பொருள்களின் பண்புகளைப் பேசுவதில் இந்திய மொழிகளுக்கு உள்ள தனி வளம் ஒன்றைப் பாடநூல்கள் முற்றிலும் புறக்கணிப்பது இதைவிடப் பெரிய இழப்பு. தமிழில் வழவழ, சொரசொர, பிசுபிசு, கொழகொழ, மொறுமொறு, பளபள, நெகுநெகு. இந்தியில் சிப்சிபா என்றால் விரலில் ஒட்டுவது. குர்குரா என்றால் பல்லில் மொறுமொறுப்பது. பில்பிலா என்றால் அழுத்தினால் அமுங்கிக் குழைவது. புர்புரா என்றால் விரலிடையே உதிர்வது. மராத்தியில் குள்குளீத், கர்கரீத். வங்காளத்தில் சக்சகே, சட்சடே, கஸ்கஸே. கன்னடத்தில் கரிகரி. இவ்வகை இரட்டைக்கிளவிகள் மொழிக்குடும்பங்களின் எல்லை கடந்து இந்தியத் துணைக்கண்டம் முழுவதற்கும் பொதுவான கூறு என்பதை எம். பி. எமனோ 1969இல் விரிவாகக் காட்டினார். 1956இல் அவர் முன்வைத்த ‘இந்தியா ஒரு மொழியியற் பரப்பு’ என்ற கருத்துக்கு அது வலிமையான சான்றுகளில் ஒன்றாயிற்று. இந்தோ-ஆரிய, திராவிட மொழிகள் மட்டுமின்றி, சந்தாலி முதலிய முண்டா மொழிகளும் இவ்வளத்தில் சிறந்தவை.

மொழியியலார் இச்சொற்களை ஒலியழகுக்காக மட்டும் ஆராய்வதில்லை. ஒவ்வொன்றும் ஒரு சிறு சோதனையின் பதிவு. ‘பிசுபிசுப்பு’ என்ற சொல்லுக்குள் விரலால் தொட்டு எடுத்துப் பார்க்கும் செயல் இருக்கிறது. ‘மொறுமொறுப்பு’ என்பதற்குள் கடித்து ஒலி கேட்கும் செயல் இருக்கிறது. ‘புர்புரா’ என்பதை ‘மென்மை’ என்றோ ‘கடினமின்மை’ என்றோ மொழிபெயர்க்க முடியாது. உழவர் ஒரு பிடி மண்ணை எடுத்து விரல்களால் நசுக்கிப் பார்த்துச் சொல்லும் தீர்ப்பு அது. அதனால்தான் வேளாண்மை பற்றிய இந்தி எழுத்தில் அச்சொல் தயக்கமின்றி வழங்குகிறது. அறிவியல் வகுப்பில் ஒரு குழந்தை அதைச் சொன்னால், சரியான சொல்லைச் சொல்லும்படி திருத்தப்படும் வாய்ப்பே மிகுதி. வழவழ, சொரசொர, பிசுபிசு, கொழகொழ என்று நான்காகப் பிரித்தறியும் காதையும் கையையும், ‘மென்மை’, ‘சொரசொரப்பு’ என்ற இரண்டு கட்டங்களுக்குள் அடக்குவது கல்வியில் முன்னேற்றம் ஆகாது.

இதற்கு வலுவான மறுப்பு ஒன்று உண்டு. அதைத் தட்டிக்கழிக்கக் கூடாது. வீட்டுச்சொல் தெளிவற்றது, பல பொருள் தருவது, ஆகவே அறிவியலுக்கு ஆகாது என்பார்கள். ‘கல்னா’ என்ற இந்தி வினையைக் காட்டலாம். பனிக்கட்டி உருகினாலும் ‘கல்’ ஆகிறது. பருப்பு வெந்து குழைந்தாலும் ‘கல்’ ஆகிறது. தாள் நீரில் ஊறிச் சிதைந்தாலும், உடல் அழுகினாலும் அதே வினைதான். தமிழிலும் ‘ஐஸ் கரைந்துவிட்டது’ என்பது இயல்பான பேச்சு. உருகுதலும் கரைதலும் அங்கே ஒன்றாகின்றன. ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொண்ட குழந்தைகளும் சர்க்கரை நீரில் ‘மெல்ட்’ ஆனது என்று சொல்வதை ஆசிரியர் உலகம் நன்கறியும். இத்தகைய சொற்களை வகுப்பறைக்குள் விட்டால் குழப்பம் மிகாதா?

குழப்பம் ஏற்கெனவே குழந்தையின் மனத்துக்குள் இருக்கிறது. சொல்லைத் தடை செய்வதால் அது வெளியேறாது, வாய்மூடிக்கொள்ளும். மாறாக, ‘கல்னா’ என்ற அந்த ஒரு வினையையே பாடமாக்கலாம். பனிக்கட்டி கல் ஆனபின் மீண்டும் உறையவைத்தால் பனிக்கட்டி திரும்ப வரும். பருப்பு கல் ஆனபின் குளிரவைத்தால் பருப்புமணி திரும்ப வராது. வெப்பத்தாலும் நீராலும் அதன் செல்சுவர்கள் தளர்ந்து மாவுச்சத்து நீரேறி உப்பியிருக்கிறது. கடின நீரில் பருப்பு எளிதில் வேகாததற்குக் காரணம், அந்நீரிலுள்ள கால்சியமும் மக்னீசியமும் செல்சுவரின் பெக்டினை இறுக்கிவிடுவது. ஊறிய தாள் கல் ஆனபின் அதன் கூழை வடிகட்டி உலர்த்தினால் இழைகள் மீண்டும் தாளாகும். சர்க்கரையோ ‘குல்’ ஆகிறது. வடிகட்டினால் கிடைக்காது, நீரை வற்றவைத்தால் கிடைக்கும். நான்கு மாற்றங்கள், நான்கு திருப்பு முயற்சிகள். இவற்றைச் செய்து பார்த்த வகுப்பு, ஒரே சொல்லுக்குள் மூன்று நிகழ்வுகள் ஒளிந்திருப்பதைத் தானே கண்டுபிடிக்கும். அப்போது ‘உருகுதலுக்குத் தனிச்சொல் வேண்டும், கரைதலுக்குத் தனிச்சொல் வேண்டும்’ என்ற கோரிக்கை குழந்தைகளிடமிருந்தே வரும். இந்தியில் உருகுநிலைக்கு வழங்கும் ‘கலனாங்க்’ என்ற கலைச்சொல் இதே ‘கல்’ என்ற வேரிலிருந்து பிறந்தது என்பதையும் அன்று சொல்லலாம். வீட்டுச்சொல்லைக் கூர்மைப்படுத்தியே அறிவியற்சொல் பிறக்கிறது என்பதற்கு அதைவிடத் தெளிந்த சான்று வேண்டியதில்லை.

துல்லியம் சொல்லின் அயன்மையிலிருந்து வருவதில்லை. சோதனையின் வரையறையிலிருந்து வருகிறது. ஆங்கில அறிவியல் தன் ‘ஹார்ட்னஸ்’, ‘வொர்க்’, ‘ஃபோர்ஸ்’ ஆகியவற்றைத் தெருவிலிருந்தும் வீட்டிலிருந்தும் எடுத்துத்தான் துல்லியப்படுத்திக்கொண்டது. ஆங்கிலம் பேசும் குழந்தைக்கு இந்தப் பாடத்தின் முதற்பாதிச் சொற்கள் வீட்டுச்சொற்களாகவே கிடைக்கின்றன. இந்தியக் குழந்தைக்கு அந்தச் சலுகையை மறுப்பதற்கு அறிவியல் சார்ந்த காரணம் எதுவும் இல்லை. ஆங்கிலவழிப் பள்ளியில் சேர்ந்த இந்தியக் குழந்தையின் நிலையும் மேலானதன்று. ‘லஸ்ட்ரஸ்’ என்ற சொல்லை எழுத்துக்கூட்டத் தெரிந்துகொள்வதே அதற்குப் பாடமாகிவிடுகிறது.

இதில் மிகுதியாக இழப்பவர்கள் யார் என்பதையும் பார்க்க வேண்டும். 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி பத்தாயிரத்துக்கு மேற்பட்டோர் பேசும் மொழிகள் இந்தியாவில் 121. சந்தாலியைத் தாய்மொழியாகக் கொண்டோர் 73 லட்சத்துக்கும் மேல். கோண்டி பேசுவோர் ஏறத்தாழ 30 லட்சம். குடுக் பேசுவோர் ஏறத்தாழ 20 லட்சம். பின்னிரண்டும் திராவிட மொழிகள். ஜார்க்கண்டிலோ சத்தீஸ்கரிலோ உள்ள ஒரு குடுக் குழந்தை, இந்திவழிப் பள்ளியில் இந்தப் பாடத்தை அடையும்போது இரண்டு ஆறுகளைக் கடக்க வேண்டியிருக்கிறது: வீட்டு மொழியிலிருந்து பேச்சு இந்திக்கு ஒன்று, பேச்சு இந்தியிலிருந்து சமஸ்கிருதமயமான நூல் இந்திக்கு மற்றொன்று. எந்த மரம் எளிதில் பிளக்கும், எந்த நார் இழுத்தால் அறாது, எந்தக் களிமண் வெயிலில் வெடிக்காது என்பவற்றை நகரத்துக் குழந்தையைவிட நன்கறிந்த குழந்தையே அது. பொருள்களின் பண்பு என்ற பாடத்தில் வகுப்பிலேயே முதலாவதாக நிற்க வேண்டிய குழந்தை கடைசி வரிசையில் வாய்மூடி அமர்ந்திருக்கிறது.

ஒடிசா, தாய்மொழிவழிப் பன்மொழிக் கல்வியைப் பத்துப் பழங்குடி மொழிகளில் தொடங்கி இருபத்தொரு மொழிகளுக்கு விரிவாக்கியது. 2020இன் தேசியக் கல்விக் கொள்கை, இயன்ற இடங்களில் குறைந்தது ஐந்தாம் வகுப்பு வரையிலும், கூடுமானால் எட்டாம் வகுப்பு வரையிலும் அதற்கு அப்பாலும், வீட்டுமொழியோ வட்டார மொழியோ பயிற்றுமொழியாக இருக்க வேண்டும் என்கிறது. நடைமுறையில் பழங்குடி மொழிகளுக்கான ஆதரவு தொடக்க வகுப்புகளோடு நின்றுவிடுவதே வழக்கம். பொருள்களின் பண்புகளைப் பற்றிய முறையான பாடமோ ஆறாம் வகுப்பில் வருகிறது. கைத்தாங்கல் விலகிய இடத்தில் பள்ளம் தொடங்குகிறது.

வேறுவிதமாகக் கற்பிக்க முடியுமா என்ற ஐயத்துக்கு இந்தியாவிலேயே விடை உண்டு. 1972இல் மத்தியப் பிரதேசத்தின் ஹோஷங்காபாத் மாவட்டத்தில் கிஷோர் பாரதி, ரசூலியா நண்பர்கள் ஊரக மையம் ஆகிய இரண்டு அமைப்புகள் பதினாறு அரசு நடுநிலைப் பள்ளிகளில் ஓர் அறிவியல் கற்பித்தல் திட்டத்தைத் தொடங்கின. 1978இல் அது மாவட்டம் முழுவதற்கும் பரவியது. 1982இல் உருவான ஏகலவ்யா நிறுவனம் அதனை ஏற்று நடத்தியது. ‘பால் வைஞ்ஞானிக்’ என்ற அதன் பணிநூல்கள் விடைகளைத் தரவில்லை. செய்முறைகளையும் வினாக்களையுமே தந்தன. விடைகளைக் குழந்தைகள் தம் கண்டறிதலிலிருந்து எழுதினர். தேர்வில் நூலைத் திறந்து வைத்துக்கொள்ளலாம். செய்முறைத் தேர்வும் தனியே உண்டு. முப்பது ஆண்டுகள் அரசுப் பள்ளிகளில், அரசு ஆசிரியர்களால் நடத்தப்பட்ட அத்திட்டத்தை 2002இல் மாநில அரசு முடிவுக்குக் கொண்டுவந்தது. வசதி குறைந்த பள்ளிகளில் செய்முறைவழிக் கல்வி இயலாது என்ற வாதத்தை அந்த முப்பது ஆண்டுகள் பொய்ப்பித்துவிட்டன. அத்திட்டத்தின் படிப்பினைகள் பலவற்றை 2005இன் தேசியக் கலைத்திட்டச் சட்டகத்தின் மொழியிலும் காணலாம். பள்ளி அறிவைப் பள்ளிக்கு வெளியேயுள்ள வாழ்வோடு இணைக்க வேண்டும் என்பது அதன் முதல் வழிகாட்டு நெறி.

மாற்றத்துக்குப் பெரும் பொருட்செலவு வேண்டியதில்லை. அட்டவணையின் தலைப்புகளில் உள்ள பெயரடைகளை வினைகளாக மாற்றலாம்: ‘கடினமானதா?’ என்பதற்குப் பதில் ‘எது இதைக் கீறியது? இது எதைக் கீறியது?’. ‘ஆம்/இல்லை’ கட்டங்களை நீக்கி வரிசைப்படுத்தலை வைக்கலாம். ஒவ்வொரு வகுப்பிலும் குழந்தைகள் தம் வீட்டு மொழிகளில் தொடுகைக்கும் சுவைக்கும் ஒலிக்கும் வழங்கும் சொற்களைச் சுவரில் எழுதி, ஒவ்வொன்றுக்கும் எதிரே அதற்குரிய செயலை எழுதலாம். ஆசிரியருக்குச் சந்தாலி தெரியாவிட்டாலும் கவலையில்லை. சொல்லின் பொருளைக் குழந்தை செய்துகாட்டும். கலைச்சொல் பாடத்தின் இறுதியில் வரட்டும். கலைச்சொல் ஆக்குவோர் புதிய சொல் படைக்குமுன், அந்த மாநிலத்தின் குயவரும் தச்சரும் நெசவாளரும் சமையற்காரரும் அப்பண்பை எப்படிச் சொல்கிறார்கள் என்று ஒருமுறை கேட்கட்டும். மொழியியல் துறைகளின் களப்பணி மாணவர்கள் இதில் செய்யக்கூடியது நிறைய; சேகரித்த சொற்கள் ஆய்வேடுகளின் பின்னிணைப்பிலேயே தங்கிவிட வேண்டும் என்ற விதி இல்லை.

இவற்றுள் முதலில் மாற வேண்டியது தேர்வுத்தாள். வகுப்பறை எப்போதும் தேர்வுத்தாளைப் பார்த்தே நடக்கிறது. ‘ஒளி ஊடுருவாப் பொருள்கள் இரண்டு கூறுக’ என்ற வினா இருக்கும்வரை ஆசிரியர் அட்டவணையையே கற்பிப்பார். அவரைக் குறை சொல்வதில் பயனில்லை. அதன் இடத்தில் ‘ஒளி புகாத ஒரு தாளை ஒளி புகச் செய்ய நீ என்ன செய்வாய்? எப்படித் தெரிந்துகொண்டாய்?’ என்ற வினா இடம்பெறட்டும். அவ்வினாவுக்குச் சமோசாத் தாளைக் கண்ட குழந்தையால் விடை எழுத முடியும். விடையில் ‘பாரபாஸீ’ என்ற சொல் இல்லாமல் போகலாம். வேறு மொழியின் சொல் ஒன்று நடுவே வரலாம். எண்ணெயைத் தடவியதையும் விளக்கின்முன் பிடித்ததையும் அது எழுதியிருந்தால், முழு மதிப்பெண் தருவதற்குத் திருத்துபவருக்கு விதி இடம் தர வேண்டும்.